வீட்டில் பாட்டைப் பதிவு செய்ய எந்த ஒலிவாங்கி? திருகோணமலை வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் வீட்டிலேயே பாடியும் வாசித்தும் பதிவு செய்வோர் இப்போது பலர். சங்கீதப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே கேட்டுத் திருத்திக்கொள்ளப் பதிவு செய்கிறார்கள். கோயில் பசனைக் குழுக்கள், கிண்ணியாவிலும் மூதூரிலும் இஸ்லாமிய கீதம் பாடுவோர், கிற்றாரோடு சொந்தப் பாட்டு எழுதும் இளைஞர்கள் என்று பலரும் கேட்பது ஒன்றைத்தான்: குறைந்த செலவில் எந்த மைக்கை வாங்கலாம்? இணையத்தில் இதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே தரையில் கம்பளம் இருக்கும், யன்னல் இறுக மூடியிருக்கும், மின்விசிறிக்குத் தேவையே இராது. நம்முடைய வீடுகளில் சீமெந்துத் தரையும் பூச்சுச் சுவரும் குரலைத் திருப்பி எறிகின்றன. யன்னலை மூடினால் வியர்த்துக் கொட்டுகிறது, திறந்தால் தெருவே உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டை ஒலிவாங்கியின் தரவுத்தாளில் தொடங்காமல், அது வைக்கப்படப் போகும் அறையில் தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

என் முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன். பாடுவதை முதன்மையாகக் கொண்ட ஒருவர், தெருவோரத்திலோ அயல்வீடுகள் நெருங்கிய இடத்திலோ வசிப்பாரானால், முதலில் ஒரு நல்ல டைனமிக் ஒலிவாங்கியையும், அதைக் கணினியோடு இணைக்கும் சிறிய பெட்டியான ஓடியோ இன்டர்பேஸையும் வாங்குவதே அவருக்கு உகந்தது. வீணை, வயலின் போன்ற மென்மையான வாத்தியங்களைப் பதிவு செய்வோரும், இரவில் உண்மையிலேயே அமைதி கிடைக்கும் வீட்டில் இருப்போரும் கண்டென்சர் ஒலிவாங்கியை நாடலாம். யூஎஸ்பி ஒலிவாங்கி ஒரு குறிப்பிட்ட வகையினருக்கு மட்டும் பொருந்தும். இம்முடிவை ஏற்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகவே காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

டைனமிக் ஒலிவாங்கியில் ஒரு மென்றகட்டின் பின்னால் மெல்லிய கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். குரல் பட்டுத் தகடு அசையும்போது சுருள் காந்தப் புலத்தினுள் அசைந்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. சுருளையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் இதன் அசைவில் ஒரு கனம் இருக்கும், மிக நுண்ணிய உயர்சுர அசைவுகள் சற்று மழுங்கும். கண்டென்சரில் சுருள் இல்லை. மின்னேற்றம் பெற்ற இரு தகடுகளுள் முன்தகடு மிக மெல்லியதாக இருந்து, குரலின் அமுக்கத்துக்கு ஏற்ப மற்றதை நெருங்கியும் விலகியும் சமிக்ஞையை உண்டாக்குகிறது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். பெரும்பாலான கண்டென்சர்கள், இன்டர்பேஸ் ஒலிவாங்கியின் கம்பி வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் பவரில் இயங்குகின்றன. வீணைத் தந்தியை மீட்டும் அந்தக் கணத்தின் கூர்மையும், மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் விரலின் தெளிவும் கண்டென்சரில் நன்றாகப் பதிவதற்குக் காரணம் அந்த மெல்லிய தகடுதான்.

கண்டென்சர் அயல் சத்தங்களையெல்லாம் இழுத்துக்கொள்ளும், டைனமிக் இழுக்காது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மைதான். இரண்டும் ஒரே திசைப்பாங்கு (எத்திசை ஒலியை எவ்வளவு எடுக்கும் என்பது) கொண்டவையாக இருந்து, வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைக்கப்பட்டு, பதிவின் அளவும் சமப்படுத்தப்பட்டால், குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கண்டென்சர் உயர்சுரங்களைக் கூடுதலாக எடுப்பதால் அறைச் சத்தம் சற்றுத் துலக்கமாகக் கேட்கும், அவ்வளவே. நடைமுறையில் வேறுபாட்டை உண்டாக்குவது தூரம். டைனமிக்கை நாம் வாயருகே பிடிக்கிறோம். கண்டென்சரை ஒரு முழத் தூரத்தில் நிறுத்துகிறோம். ஒலி மூலத்துக்கும் ஒலிவாங்கிக்கும் இடைப்பட்ட தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. 5 சென்ரிமீற்றரில் பாடுவதற்கும் 40 சென்ரிமீற்றரில் பாடுவதற்கும் இடையே தூரம் மும்முறை இரட்டிக்கிறது. எனவே 18 டெசிபெல் வேறுபாடு. தெருவில் போகும் முச்சக்கரவண்டியின் சத்தமோ இரண்டு இடங்களிலும் அதே அளவில்தான் இருக்கும்.

உவர்மலையில் ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாணவியைப் பாடவைத்துப் பதிந்தபோது இது காதுக்கே தெளிவாகத் தெரிந்தது. அவர் ஆலாபனையில் தார ஸ்தாயியில் நின்ற வேளையில் பாண் விற்கும் ஆட்டோ தன் மெட்டை ஒலித்தபடி ஒழுங்கைக்குள் வந்தது. இரண்டு ஒலிவாங்கிகளும் அவரிடமிருந்து ஒரு முழத்தில் இருந்த பதிவில், இரண்டிலுமே அந்த மெட்டை ஒவ்வொரு சுரமாக அடையாளம் காண முடிந்தது. டைனமிக்கை நான்கு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுவந்து எடுத்த பதிவில், ஆட்டோ வந்ததை அறிந்தவர் மட்டுமே அதைத் தேடிப் பிடிக்கலாம்.

அப்படியானால் கண்டென்சரையும் நான்கு விரற்கடையில் வைத்தால் என்ன என்ற கேள்வி எழும். வைக்கலாம், ஆனால் அது பாடகருக்குத் தொல்லை. ப போன்ற உதட்டெழுத்துகளின் காற்று மெல்லிய தகட்டைத் தாக்கி வெடிப்போசையை எழுப்பும். ச, ஸ ஒலிகள் கூர்ந்து காதைக் குத்தும். திசைப்பாங்குள்ள எந்த ஒலிவாங்கியிலும் மூலம் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுரங்கள் மிகுந்து ஒலிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மேடைக்கென்று செய்யப்பட்ட டைனமிக்குகள் இந்த மிகையை எதிர்பார்த்துக் கீழ்ச்சுரங்களை முன்னரே சற்றுக் குறைத்து வடிவமைக்கப்படுவதால், அருகில் பாடுவதை அவை இயல்பாகத் தாங்கிக்கொள்கின்றன.

கர்நாடக இசை பாடுவோருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர்கள் தரையில் அமர்ந்து, தலையை அசைத்து, தொடையில் தாளம் தட்டிப் பாடுகிறார்கள். மந்தர ஸ்தாயியில் குரல் தணியும், தார ஸ்தாயியில் பொங்கி எழும். ஒலிவாங்கி மிக அருகில் இருந்தால் தலையின் சிறு அசைவும் பதிவின் அளவை மாற்றிவிடும். அதனால் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரையான தூரமே அவர்களுக்கு நல்ல நடுநிலை என்பது என் எண்ணம்: மேலே சொன்ன 18 டெசிபெல் லாபத்தில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை அப்போதும் கைவசம் இருக்கும், தலை அசைக்கும் சுதந்திரமும் போகாது. தொடையில் தட்டும் தாளம் தரைவழியாக ஒலிவாங்கித் தாங்கியில் ஏறி ஒவ்வோர் அட்சரத்திலும் மந்தமான ஓர் இடியாகப் பதிவாகும். தாங்கியின் கால்களுக்குக் கீழே மடித்த போர்வையையோ பழைய தலையணையையோ வைத்தால் அது அடங்கிவிடும்.

இனிக் குறிப்பிட்ட ஒலிவாங்கிகளுக்கு வருவோம். ஷுவர் நிறுவனத்தின் எஸ்எம்57 1965ஆம் ஆண்டிலும் எஸ்எம்58 1966ஆம் ஆண்டிலும் சந்தைக்கு வந்தவை. இன்றும் மாறாமல் விற்கப்படுகின்றன. இரண்டின் உள்ளுறுப்பும் ஒரே அடிப்படையில் அமைந்தது. உருண்டைக் கம்பிவலையும் அதனுள் பஞ்சும் உள்ள எஸ்எம்58 பாடுவதற்கு உடனடியாகப் பயன்படும். வலை இல்லாத எஸ்எம்57ஐ வாத்தியத்துக்கு இன்னும் அருகில் கொண்டுபோக முடியும், உயர்சுரமும் அதில் சற்றுத் துலக்கமாக இருக்கும்; அதற்கு ஒரு பஞ்சுறை போட்டால் பாடவும் செய்யலாம். வாத்தியமும் குரலும் கலந்து பதிபவர் ஒன்றைத்தான் வாங்க முடியுமென்றால் நான் எஸ்எம்57ஐச் சொல்வேன். பாட்டு மட்டும் என்றால் எஸ்எம்58. வெளிநாட்டுச் சந்தையில் இவை ஒவ்வொன்றும் 100 அமெரிக்க டொலருக்கு அண்மையில் விற்கின்றன. இலங்கைக்கு வந்து சேரும்போது டொலரின் பெறுமதியும் இறக்குமதி வரியும் சேர்ந்து விலையை மாதத்துக்கு மாதம் மாற்றுவதால் ரூபாய்க் கணக்கை இங்கே தரவில்லை. ஒன்றோடொன்று ஒப்பிட்ட விகிதத்தை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 அந்த விலையின் நான்கில் ஒரு பங்குக்கே கிடைக்கும் டைனமிக். எஸ்எம்58இன் நடுச்சுரச் செழுமை அதில் முழுமையாக இல்லை. ஆனால் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவருக்கோ, இந்த வழியில் தொடர்வோமா என்று இன்னும் தீர்மானிக்காதவருக்கோ அது தாராளமாகப் போதும், மீதிப் பணத்தில் இன்டர்பேஸையும் வாங்கிவிடலாம்.

ஷுவரின் இந்த இரு ஒலிவாங்கிகளுக்கும் போலிகள் உலகெங்கும் புழங்குகின்றன என்பதால் ஓர் எச்சரிக்கை. விலை வழமையான விலையில் பாதிக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். அசல் எஸ்எம்58 ஏறத்தாழ 298 கிராம் நிறையுள்ளது. ஒரு நகைக்கடைத் தராசோ சமையலறைத் தராசோ இருந்தால் நிறுத்துப் பார்ப்பது நல்ல முதற் சோதனை. நிறை சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, ஆனால் நிறை மிகக் குறைந்தால் ஐயம் கொள்ளத்தான் வேண்டும்.

கண்டென்சர்களில் எஸ்எம்58இன் விலைப்படியில் நிற்பது ஓடியோ டெக்னிக்கா ஏடி2020. அதன் பாதி விலையளவில் பெஹ்ரிங்கர் சி1 கிடைக்கும். ஏறத்தாழ இரு மடங்கு விலையில் ரோட் என்டி1-ஏ இருக்கிறது. விற்பனையாளர்கள் என்டி1-ஏயைப் பரிந்துரைக்கும்போது முதலில் சொல்வது அதன் உள்ளிரைச்சல், அதாவது ஒலிவாங்கி தானே எழுப்பும் இரைச்சல், வெறும் 5 டெசிபெல் என்பதைத்தான். ஏடி2020இன் உள்ளிரைச்சல் 20 டெசிபெல். தாளில் பார்த்தால் இது பெரிய வேறுபாடு. ஆனால் நம் ஊரில் இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்ட படுக்கையறையிலேயே 30 டெசிபெலுக்குக் கீழே இறங்குவது அரிது. மின்விசிறி சுழன்றால் அது இன்னும் பல டெசிபெல் ஏறும். அறையின் இரைச்சல் ஒலிவாங்கியின் இரைச்சலை முழுவதுமாக மூடிவிடும்போது, அந்த 15 டெசிபெலுக்காகக் கூடுதற் பணத்தைக் கொடுப்பது வீண். என்டி1-ஏ நல்ல ஒலிவாங்கி என்பதில் ஐயமில்லை. அதன் நன்மை முழுவதும் வெளிப்படும் அறை நம்மில் மிகச் சிலரிடமே உண்டு. அந்தப் பணத்தை ஏடி2020க்கும் தடித்த திரைச்சீலைகளுக்கும் பகிர்ந்தால் பதிவு இதைவிட நன்றாக வரும்.

பிஎம்800 என்ற பெயரில் தாங்கி, வாய்க்காற்றைத் தடுக்கும் வடிகட்டி, கம்பி எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாக மிக மலிவாக விற்கப்படுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் முதலில் வாங்குவது அதைத்தான். பெரிய உடலைப் பார்த்துப் பெரிய தகடு உள்ளே இருப்பதாக எண்ணுகிறார்கள். பலவற்றில் உள்ளே இருப்பது சட்டைப்பொத்தானை ஒத்த சிறிய எலெக்ட்ரெட் வில்லை. அதோடு வரும் கம்பியைக் கணினியின் சிறிய மைக் துளையில் செருகினால் 48 வோல்ட்டுக்குப் பதிலாகச் சில வோல்ட்டுகளே கிடைப்பதால் குரல் மெலிந்து, இரைச்சல் மேலெழுந்து நிற்கும். இன்டர்பேஸில் பொருத்தினால் நிலைமை தேறும். ஆனால் இன்டர்பேஸ் வாங்கும் அளவுக்குப் பணம் இருப்பவர் சற்றுப் பொறுத்து எக்ஸ்எம்8500ஐ வாங்கலாம்.

வாத்தியங்களைப் பொறுத்தவரை கணக்கு மாறுகிறது. வீணையின் ஓசை மென்மையானது. எஸ்எம்58ஐவிட ஏடி2020 ஒரே ஒலிக்கு ஏழு மடங்குக்கும் மேலான மின்சமிக்ஞையைத் தருகிறது. ஆகவே வீணைக்கு டைனமிக்கை வைத்தால் இன்டர்பேஸின் பெருக்கியை உச்சத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கும், மலிவான இன்டர்பேஸில் அந்த உச்சத்தில் ஒரு சீறல் கூடவே வரும். மேலும், வீணையின் குடத்திலிருந்து வரும் நாதமும் தந்திகளுக்குக் கீழுள்ள மெட்டுகளின் மேல் விரல் நகரும் கமக ஓசையும் சேர்ந்தால்தான் வீணையாகக் கேட்கும். அதற்கு ஒரு முழத் தூரம் தேவை. எனவே வீணை வாசிப்பவர் கண்டென்சரை வாங்கி, பதிவு நேரத்தை அமைதிக்கேற்ப மாற்றிக்கொள்வதே வழி. வயலினுக்கும் கண்டென்சர் நன்று. ஆனால் மலிவான கண்டென்சர்கள் பலவற்றில் உயர்சுரம் செயற்கையாகத் தூக்கப்பட்டிருப்பதால், நேர் எதிரே வைத்தால் வில்லின் உராய்வு கீறலாகக் கேட்கும். வாத்தியத்துக்கு மேலே, சற்று ஒருபுறமாகச் சாய்த்து வைத்தால் அது தணியும்.

மிருதங்கத்துக்கு நான் டைனமிக்கையே விரும்புகிறேன். அதன் ஓசை வலியது, இன்டர்பேஸைத் திணற வைக்காது. ஒரே ஒலிவாங்கி மட்டும் இருந்தால் வாசிப்பவருக்கு எதிரே, வாத்தியத்தின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் தள்ளி, வலந்தலையின் பக்கம் சிறிது சாய்த்து வைத்துத் தொடங்குங்கள். இடப்பக்கத் தோலான தொப்பியின் ஆழ்ந்த கும்காரம் குறைந்தால் தொப்பிப் பக்கம் நகர்த்துங்கள். விரலளவு நகர்வுக்கே ஓசை மாறுவதைக் கேட்கலாம். நாதஸ்வரத்தையும் தவிலையும் வீட்டறையில் பதிய முயலாமல் இருப்பதே நல்லது. அந்த இரண்டும் திறந்தவெளிக்கும் கோயில் மண்டபத்துக்கும் உரியவை, சிறிய அறையில் எந்த ஒலிவாங்கியாலும் அவற்றுக்கு நியாயம் செய்ய முடியாது.

யூஎஸ்பி ஒலிவாங்கியில் இன்டர்பேஸ் உள்ளேயே அடங்கியிருக்கும். ஒரு கம்பியைக் கணினியில் செருகினால் வேலை முடிந்தது. தனியாகப் பாடுபவர், பின்னணி இசையைக் கணினியிலிருந்தே ஓடவிட்டுப் பாடுபவர், இனி எக்காலத்திலும் இரண்டாவது ஒலிவாங்கி தேவைப்படாது என்று உறுதியாக இருப்பவர் ஆகியோருக்கு இது சிக்கனமான வழி. குறை என்னவென்றால், பாட்டோடு மிருதங்கத்தையும் ஒரே வேளையில் தனித்தனியாகப் பதிய விரும்பும் நாளில் இந்த வழி அடைபட்டுவிடும். இரண்டு யூஎஸ்பி ஒலிவாங்கிகளை ஒரே கணினியில் சேர்த்து ஓடவிடுவது தொல்லை மிகுந்தது. யூஎஸ்பி துளை பழுதானால் முழுப் பொருளும் பயனற்றுப் போகும். இவ்விரண்டு குறைகளுக்கும் ஓரளவு விடை தருவது சாம்சன் கியூ2யூ. அது டைனமிக் வகை. யூஎஸ்பி, இன்டர்பேஸுக்குச் செல்லும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் ஆகிய இரண்டு வெளியீடுகளும், தாமதமின்றித் தன் குரலைத் தானே கேட்க ஹெட்போன் துளையும் அதில் உண்டு. இன்று நேராகக் கணினியில் செருகிப் பாடிவிட்டு, பின்னொரு நாள் இன்டர்பேஸ் வாங்கியதும் அதிலேயே பொருத்தலாம். யூஎஸ்பி வழிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பெயர் இது.

கைபேசியை விட்டுவிட்டு எதையும் பேச முடியாது. போயா பிஒய்-எம்1 போன்ற சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கி, பேச்சைப் பதிய உருவாக்கப்பட்டது. எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலியை எடுக்கும் தன்மையது ஆதலால், மின்விசிறியும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் பாட்டோடு சேர்ந்தே வரும். பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அது நல்லது, பாட்டுக்கு அவ்வளவு நன்றன்று. கணினியே இல்லாதவருக்கும், தம்பலகாமத்துக் கோயில் திருவிழாவில் ஒருநாள், நிலாவெளியில் நண்பர் வீட்டில் ஒருநாள் என்று இடம் மாறிப் பதிபவருக்கும் சூம் எச்1என் போன்ற கையடக்கப் பதிவுக்கருவி உகந்தது. இரண்டு சிறிய ஏஏஏ மின்கலங்களில் ஓடும், மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை.

இன்டர்பேஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெஹ்ரிங்கர் யூஎம்2 மிக மலிவானது, 48 வோல்ட் தரும், ஆனால் ஒரே ஒரு மைக் உள்ளீடுதான். போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவின் பெருக்கி அதைவிடத் தூய்மையானது. அதிலும் ஒரே மைக் உள்ளீடுதான். பாட்டும் மிருதங்கமும், அல்லது பாட்டும் வயலினும் சேர்த்துப் பதியும் எண்ணம் உள்ளவர் தொடக்கத்திலேயே இரண்டு மைக் உள்ளீடு உள்ள யூஎம்சி202எச்டி அல்லது ஸ்கார்லெட் 2ஐ2 வாங்கட்டும். நம் சங்கீதத்தில் பக்கவாத்தியம் எப்படியும் வந்து சேரும். ஒற்றை உள்ளீட்டை வாங்கிவிட்டு ஓராண்டுக்குள் அதை விற்று வேறொன்று தேடுவது இரட்டைச் செலவு.

கடற்கரை ஊர் என்பதால் ஈரப்பதனையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாடைக்காற்று வீசும் மாரிகாலத்தில், ஒக்ரோபரிலிருந்து சனவரி வரை, சுவரே வியர்க்கிறது. கண்டென்சரின் தகடுகளில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து, பதிவில் பொரிவது போன்ற சத்தமும் திடீர் வெடிப்புகளும் கேட்கும். ஈரம் உலர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் உப்புக் காற்று திரும்பத் திரும்பப் பட்டால் சேதம் நிலைத்துவிடும். டைனமிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் கம்பிவலை துருப்பிடிக்கலாம், உள்ளே இருக்கும் பஞ்சில் பூஞ்சணம் படியலாம். எஸ்எம்58இன் வலையைத் திருகிக் கழற்றிப் பஞ்சைக் கழுவி நன்றாக உலர்த்திப் போடலாம். உப்புவெளி, அலஸ்தோட்டம் போன்ற கரையோர இடங்களில் வசிப்போர் கண்டென்சரைத் தாங்கியிலேயே விட்டுவைக்காமல், பயன்படுத்தியதும் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். இதை ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்யும் பொறுமை இல்லாதவருக்கு, இதுவே டைனமிக்கைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

கச்சான் காற்றுக் காலத்தில் தொல்லை வேறு வகையானது. மே முதல் ஓகஸ்ட் வரை வெப்பம் 35 பாகையைத் தொடும் நாட்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு முழுக் கீர்த்தனையைப் பாடி முடிப்பது கடினம். பல்லவியைப் பாடி, மின்விசிறியைப் போட்டு ஓய்ந்து, பிறகு அனுபல்லவி என்று துண்டு துண்டாகப் பதியலாம். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அவற்றை இணைப்பது எளிது. ஆனால் சுருதிப்பெட்டி அறையில் ஒலித்துக்கொண்டிருந்தால் வெட்டி ஒட்டிய இடத்தில் சுருதி துள்ளுவது தெரியும். சுருதியை ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பாடி, இறுதியில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் திறந்த ஹெட்போனிலிருந்து சுருதி வெளியே கசியும் என்பதால், காதை முழுமையாக மூடும் வகையே இதற்கு ஏற்றது.

இதனால்தான் கையில் உள்ள பணம் முழுவதையும் ஒலிவாங்கியில் போட்டுவிடக் கூடாது என்கிறேன். ஒலிவாங்கிக்கு மூன்றில் ஒரு பங்கு, இன்டர்பேஸுக்கு ஒரு பங்கு, மிகுதி தாங்கிக்கும் ஹெட்போனுக்கும் நல்ல எக்ஸ்எல்ஆர் கம்பிக்கும் வடிகட்டிக்கும் என்று வகுப்பது என் வழமை. அறைக்குப் பெரும்பாலும் செலவே தேவையில்லை. கார்டியாயிட் ஒலிவாங்கி முன்னால் இருப்பதை முழுமையாகவும், பக்கவாட்டில் இருப்பதை 6 டெசிபெல் குறைவாகவும், நேர் பின்னால் இருப்பதை மிக மிகக் குறைவாகவும் எடுக்கும். எனவே தெருவை நோக்கிய யன்னலுக்கு ஒலிவாங்கியின் முதுகைக் காட்டி வையுங்கள். பாடகர் யன்னலைப் பார்த்து அமர்வார். அப்போது ஒலிவாங்கி பாடகரின் பின்சுவரை நேரே பார்ப்பதால், அந்தச் சுவரில் தடித்த போர்வையையோ மெத்தையையோ நிறுத்துங்கள், அல்லது துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து வையுங்கள். பலர் போர்வையை ஒலிவாங்கியின் பின்னால் தொங்கவிடுகிறார்கள். அதே போர்வை பாடகரின் முதுகுக்குப் பின்னால் தொங்கினால் பயன் பன்மடங்கு.

மடிக்கணினியை மின்னேற்றியோடு இணைத்திருக்கும்போது பதிவில் மெல்லிய ரீங்காரம் கேட்டால், ஒலிவாங்கியைக் குறைசொல்லுமுன் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

இவற்றில் சிலவற்றைத் திருகோணமலைக் கடைகளில் பார்க்க முடிந்தாலும், பெரும்பாலும் கொழும்புக் கடையிலிருந்தோ டராஸ் இணையக் கடை வழியாகவோ வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கையிலோதான் வந்து சேரும். உறவினர் கொண்டுவருவது சில வேளை மலிவு, ஆனால் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகாமல் போகலாம். கூரியரில் வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஓர் இரவில் முழுமையாகச் சோதித்துவிடுங்கள். பெட்டியைத் திறப்பதிலிருந்தே கைபேசியில் படம் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்தி, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து, அதை உரக்க வைத்துக் கேளுங்கள்: சீரான மெல்லிய சீறல் இருக்கலாம், பொரிவதும் விட்டுவிட்டு வருவதும் இருக்கக் கூடாது. பிறகு எக்ஸ்எல்ஆர் கம்பியை இரு முனைகளிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அடுத்து ஒலிவாங்கியின் முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் ஒரே தூரத்தில் நின்று ஒரே சுரத்தைப் பாடுங்கள். பின்னால் பாடியது தெளிவாகத் தணியவில்லையானால் அது கார்டியாயிட் என்று பெட்டியில் எழுதியிருப்பதில் பொருளில்லை, திருப்பி அனுப்பிவிடலாம். கண்டென்சரை வாங்கியவர், எல்லா இணைப்புகளையும் செய்து முடித்த பின்னரே 48 வோல்ட்டைப் போட வேண்டும். கழற்றுமுன் அதை நிறுத்திச் சில வினாடிகள் பொறுக்க வேண்டும்.